இடது கையால் இழுக்கும் துப்பாக்கி

பழைய துப்பாக்கி கொண்டுவருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். புதுத் துப்பாக்கி கொண்டுவருகிறவர்களைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது, அவர்களால்தான் கடை ஓடுகிறது. ஆனால் அவர்களோடு பேச ஒன்றும் இருக்காது. வாங்கிய மறுவாரமே வந்து நிற்பார்கள். குறி தவறுகிறது, ட்ரிக்கரை மாற்று, குழலை மாற்று என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அதே இடத்துக்கு முறுக்கிக் கொடுப்பேன். அடுத்த முறை வரும்போது, பிரமாதம் என்று தோளில் தட்டுவார்கள்.

நான் வேலை செய்வது அமீரகத்தில், அல் ஐனில், வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையின் பின்னறையில். முன்பக்கம் கூடாரம், பைனாகுலர், ராஜாளி வளர்ப்பவர்கள் போடும் தோல் கையுறை எல்லாம் இருக்கும். பின்பக்கம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் என் அறை. அதற்கு முன்னால் அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபாவில் ஒரு காரேஜில் ஃபிட்டராகவும் வெல்டராகவும் இருந்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஐடிஐ முடித்துவிட்டு வந்தவனுக்கு அது இயல்பான வேலை. துப்பாக்கிக் கடைக்கு மாறியதை ஊரில் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. "மெஷின் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

வேலையில் எனக்குத் துணை, முன்பக்கம் பர்மிட் வேலைகளைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண். எந்தத் துப்பாக்கி உள்ளே வந்தாலும், வெளியே போனாலும் அவள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. சாயந்திரம் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதும் அவள் பொறுப்பு. என்னை 'அண்ணை' என்பாள். மரியாதைக்காக அல்ல, அதட்டுவதற்கு வசதியாக.

அந்த ரைஃபிளைக் கொண்டுவந்தவர் அறுபதை நெருங்கும் ஓர் அரபி. இங்கே அந்த வயதுக்காரர்களை நாங்கள் 'பாபா' என்றுதான் கூப்பிடுவோம். கூட அவருடைய மகன். பாபா பேசியது பம்பாய்க்காரனுக்கும் பெஷாவர்க்காரனுக்கும் சேர்த்துப் புரிகிற வளைகுடா உருது. எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

உறையைத் திறந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். வால்நட் கட்டை காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. தோளில் பதியும் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. ஆனால் அது பம்ப் ரைஃபிள். இந்த ஊரில் பம்ப் என்றால் ஷாட்கன்தான். குழலுக்கு அடியில் இருக்கிற மர முன்பிடியை இடது கையால் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை ரைஃபிளில் பார்ப்பது அபூர்வம். படத்தில் பார்த்திருக்கிறேன், என் மேஜைக்கு ஒன்று வந்தது அப்போதுதான். கோபம் போய் ஆசை வந்துவிட்டது.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்றார் பாபா.

"இதை மூட முடியுமா?" என்றான் மகன், அவருக்குக் கேட்கும்படியாகவே.

மூடுவது என்றால், குழலுக்குள் இரும்பை விட்டு வெல்டு வைத்து, தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின்னை வெட்டி, இனி ஒருபோதும் சுடாதபடி செய்வது. அப்புறம் அது பொம்மை. விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் சுவரில் மாட்டலாம், வருகிறவர்களுக்குக் காட்டலாம். மகன் கெட்டவன் இல்லை. தகப்பனின் ரைஃபிளைக் கௌரவமான இடத்தில் வைக்க ஆசைப்பட்டான், சுவரில் அதற்கான இடத்தைக்கூடத் தயார் பண்ணிவிட்டதாகச் சொன்னான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விஷயம் பாபாவின் வலது கை. இரண்டு வருடத்துக்கு முன் மணல் மேட்டில் வண்டி உருண்டதில் மணிக்கட்டு நொறுங்கி, தகடும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்கியிருந்தார்கள். அது இனி மடங்காது, திரும்பாது. மகன் அவருக்காக விலை உயர்ந்த புது போல்ட் ரைஃபிள் வாங்கிக் கொடுத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதன் போல்ட்டை வலது கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். அதைத்தான் அந்தக் கை செய்யாது. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகை அவருக்கு ஆகாது. "அது சுடும், நான் வேடிக்கை பார்க்கணுமா?" என்றார். மிச்சம் இருந்தது அலமாரியில் பல வருடமாகத் தூங்கிய இந்த பம்ப் ரைஃபிள். இதில் வலது கை பிடித்த இடத்திலேயே இருந்தால் போதும். இழுப்பதும் தள்ளுவதும் இடது கை.

ஒவ்வொரு வருடமும் வெயில் தணியத் தொடங்கும்போது அவருடைய அண்ணன் தம்பிகளும் பழைய சிநேகிதர்களும் ஊருக்கு வெளியே துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கூடுவார்களாம். நூறு மீட்டர், நின்றபடி, ஆளுக்கு ஐந்து தோட்டா. உட்கார்ந்தோ மணல் மூட்டை மேல் சாய்த்தோ சுடக் கூடாது. விபத்துக்குப் பிறகு பாபா அங்கே போகவில்லை. கூப்பிட்டார்கள், "வந்து உட்கார்ந்து பார்" என்று. அவர் உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை.

"இந்த வருடம் இதோடு போய் நிற்பேன்," என்றார். "நடக்கவில்லை என்றால் கலாஸ், முடிந்தது. இவன் சொன்னபடி மூடிவிடு. இரண்டு வேலையும் நீதானே செய்வாய்?"

ஆமாம் என்றேன். முசஃபாவில் எவ்வளவோ வெல்டு வைத்திருக்கிறேன், எந்த இரும்பைப் பார்த்தும் பரிதாபப்பட்டதில்லை. இதற்குப் பரிதாபப்பட்டேன்.

முன்பிடியைக் கழற்றியதும் உள்ளே கருப்பாக ஏதோ அல்வா மாதிரி வந்தது. அது ஒரு காலத்தில் எண்ணெய். எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் ஆட்களுக்கும் அரபிகளுக்கும் பொதுவான நம்பிக்கை. நம் ஊர் ஈரத்துக்கு அது சரி. இங்கே காற்றில் மாவு போன்ற தூசி சதா பறந்துகொண்டிருக்கும். எண்ணெய் அதைக் கூப்பிட்டு உட்கார வைத்து விருந்து போடும். பிறகு இரண்டும் சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, மறுபடி ஊறப்போட்டேன். கடைசியில் இரும்பு வெளியே வந்தபோது எழுந்து நின்று பார்த்தேன்.

எவ்வளவு யோசித்திருக்கிறான் இதைச் செய்தவன்! முன்பிடியிலிருந்து இரண்டு எஃகுப் பட்டைகள் பின்னால் போகின்றன. ஒன்று போதுமே என்று நினைப்போம். ஒன்று இருந்தால் இழுக்கும்போது கோணும், இரண்டு இருப்பதால் ரயில் மாதிரி நேராக ஓடுகிறது. அவை தள்ளும் போல்ட், முன்னால் போய்ச் சேர்ந்ததும் தானாகத் திரும்பி, குழலின் பின்வாயில் இருக்கிற பள்ளங்களில் பல் பல்லாகப் பூட்டிக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அந்தப் பூட்டு முழுசாக விழாவிட்டால் ட்ரிக்கர் வேலையே செய்யாது. எவ்வளவு அழுத்தினாலும் சும்மா இருக்கும். அரைகுறைப் பூட்டோடு வெடித்தால் சுடுகிறவன் முகம் போய்விடும் என்று, முகம் தெரியாத யாருக்காகவோ ஒருவன் கவலைப்பட்டிருக்கிறான். அவனை நேரில் பார்த்தால் காலில் விழ மாட்டேன். ஆனால் நல்ல கடையில் டீ வாங்கிக் கொடுப்பேன்.

தேய்மானம் அதிகம் இல்லை. தோட்டாக்கள் அடுக்கும் மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மாற்றினேன். கல்லான ரப்பரை எடுத்துவிட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் புதிய மெத்தை வைத்தேன். எண்ணெயை எங்கெங்கே இரும்பும் இரும்பும் உரசுகிறதோ அங்கே மட்டும் விரல் நுனியால் தடவி, தடவியதை மறுபடி துடைத்தேன். குறி பார்க்கத் தொலைநோக்கி வைக்கலாம் என்று மகன் சொன்னான். நிலாவையே பார்க்கலாம் போன்ற ஒன்றைக் கொண்டுவந்தான். அதை மாட்டினால் ரைஃபிள் மூக்கு நீண்ட கழுதையாகிவிடும், எடையும் கூடும். கடைசியில் தீப்பெட்டி அளவில் சிவப்புப் புள்ளி காட்டும் சின்ன சைட் ஒன்றை வைத்தோம். அதற்கு வேண்டிய துளைகளைக் கம்பெனிக்காரனே அந்தக் காலத்தில் போட்டு வைத்திருந்தான். பாபா ஒற்றைக் கண்ணை மூடி அதில் பார்த்துவிட்டு, "இது பரவாயில்லை," என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

தகராறு பின்கட்டையில் வந்தது. பழைய கட்டையின் பிடி சரிவாக, கிட்டத்தட்ட நேராக இருந்தது. அதைப் பிடிக்க மணிக்கட்டு முன்பக்கம் சாய வேண்டும். பாபாவின் மணிக்கட்டு சாயாது. மகன் கருப்பு பிளாஸ்டிக்கில், நிமிர்ந்த கைப்பிடி வைத்த கட்டை ஒன்றை வரவழைத்திருந்தான். கைக்குச் சரியாகத்தான் இருந்தது.

"இது ரைஃபிளா, பெட்ரோல் போடுகிற குழாயா?" என்றார் பாபா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மரத்திலேயே செய்து தருகிறேன்," என்று சொல்லித் தொலைத்தேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கையின் அச்சு வேண்டும். காரேஜில் டிங்கரிங் வேலைக்கு அப்பும் பட்டி போட்டுப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் அது சூடாகி இறுகும், தோலில் ஒட்டினால் வராது. முன்பக்கம் போய்ச் சொன்னேன். மறுநாள் யாழ்ப்பாணத்துப் பெண் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் பிசைந்த கோதுமை மாவோடு வந்தாள்.

"ரொட்டி மாவிலை துவக்குச் செய்யிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றாள்.

"செஞ்சு முடிச்சிட்டு மிச்ச மாவைச் சுட்டுக் குடும்மா, பசிக்குது," என்றேன்.

பிளாஸ்டிக் தாளில் மாவைச் சுற்றிக் கட்டையின் கழுத்தில் அப்பினோம். பாபா ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வலிக்காத இடம் கிடைக்கும் வரை கையை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் பிடித்தார். விரல் ஐந்தும் உள்ளங்கை மேடும் அப்படியே பதிந்தன. கண்ணைத் திறந்து, பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முசஃபாவில் எனக்குத் தெரிந்த தச்சுப் பட்டறையிலிருந்து வால்நட் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். பழைய கட்டையின் கழுத்துக்கு அடியில் அதை ஒட்டி, உள்ளே மர ஆணி அடித்து, மாவு அச்சைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவினேன். கொஞ்சம் அதிகம் போனால் மறுபடி ஒட்ட முடியாது. கடை மூடிய பின்னும் இருந்து இழைத்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. ஆளி விதை எண்ணெய் பூசிப் பூசித் தேய்த்ததில் பழைய மரமும் புது மரமும் ஒரே நிறத்துக்கு வந்தன. ஒட்டு எங்கே என்று எனக்கே தடவித்தான் தெரிந்தது. ரேஞ்சுக்குக் கொண்டுபோய் நானே மூட்டை மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். தோட்டாக்கள் உள்ளங்கைக்குள் அடங்கின. அந்த வயசு ரைஃபிளுக்கு அது போதும், எந்த வயசு ரைஃபிளுக்கும் போதும்.

பாபா வந்து பிடித்துப் பார்த்தார். தோட்டா இல்லாமல் ஒருமுறை இழுத்துத் தள்ளினார். ஷ்ளக், ஷ்ளக். அந்தச் சத்தத்தில் அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகு, இது சுவருக்குப் போகக் கூடாது என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அவர்கள் கூடும் நாள் விஜயதசமியன்று விழுந்தது. அவர்களுக்கு அது வெறும் வார நாள், காலையிலேயே கூடுவார்கள். முதல் நாள் எங்களுக்கு ஆயுத பூஜை.

கடை முதலாளி வருடா வருடம் அதற்கு அனுமதி கொடுப்பார். ஒரே நிபந்தனை, நெருப்பு மாஃபி, கூடவே கூடாது. பக்கத்து அறையில் தோட்டாப் பெட்டிகள் இருக்கின்றன, அவர் பயம் நியாயமானது. அதனால் எங்கள் பூஜையில் கற்பூரம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது, விளக்குகூடப் பேட்டரி விளக்கு. வைஸ், அரங்கள், டிரில், ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொரி, கடலை, வாழைப்பழம். லேத்துக்கும் ஆட்டோவுக்கும் ஆயுத பூஜை போடுகிற ஊரிலிருந்து வந்தவன் நான். நிஜமாகவே ஓர் ஆயுதம் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட முடியுமா? பாபாவின் ரைஃபிளை நடுவில் வைத்தேன். விதிப்படி மேகசின் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று யாரும் பார்க்கும்படி திறந்து வைத்தேன்.

தீ இல்லாத குறையை யாழ்ப்பாணத்துப் பெண் பூவால் தீர்த்தாள். சந்தையில் மலையாளிக் கடையிலிருந்து சின்னச் செவ்வந்தி ஒரு கூடை வாங்கி வந்திருந்தாள். எல்லாவற்றின் தலையிலும் பூ. ரைஃபிளின் பக்கவாட்டில் போல்ட் திறந்திருந்த இடத்தில் சந்தனத்தில் தோய்த்து ஒரு பூவைச் செருகினாள்.

"என்னம்மா இது, துப்பாக்கியா கல்யாணப் பொண்ணா?"

"ஆவெண்டு வாயைத் திறந்து வைச்சிருக்கு அண்ணை, பாவம். எல்லாத்துக்கும் பூ வைச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காட்டி எப்பிடி?"

சாயந்திரம் பெட்டகத்தில் வைக்கும் முன் பூவை எடுத்துவிட்டாள். நான் பார்த்தேன். பூவின் தலை கையோடு வந்தது. போல்ட்டை மூடிப் பூட்டினாள். மறுநாள் காலையில் நான் ரைஃபிளை எடுத்துச் சந்தனம் குங்குமத்தை ஈரத்துணியால் ஒரு சுவடு இல்லாமல் துடைத்தேன். குழலின் முன்வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. வழக்கமாக என் மேஜையை விட்டுப் போகும் எந்தத் துப்பாக்கியையும் பலமுறை இழுத்துத் தள்ளிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். கையை வைத்தும்விட்டேன்.

"அண்ணை, விடுங்கோ!" என்றாள் அவள். "விஜயதசமிக்கு முதல் வேலை நல்ல வேலையா இருக்கோணும். அது பாபாவின்ரை கையாலைதான் நடக்கோணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் முதல்முறை எடுக்கிறவன் நல்ல காரியத்துக்கு எடுக்க வேண்டும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். பாபாவின் முதல் குண்டைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது? கையை எடுத்துவிட்டேன்.

ரேஞ்சில் கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளைக் கந்தூரா அங்கியில், காதில் சத்தம் தடுக்கும் கவசத்தோடு. கஹ்வா காப்பி சுற்றிக்கொண்டிருந்தது. நான் பின்னால் என் கருவிப் பையோடு நின்றேன். பெரிய அண்ணன் சுட்டார், தம்பி சுட்டார், மகன் தகப்பனுக்காக வாங்கிய அந்தப் புது ரைஃபிளால் நன்றாகவே சுட்டான். பாபா எழுந்தார். சிலர் அவர் முகத்தைப் பார்த்தார்கள், மற்றவர்கள் கையை.

அவர் ரைஃபிளைத் தோளில் வைத்தார். மேகசினைப் பொருத்தினார். இடது கையால் முன்பிடியை இழுத்துத் தள்ளினார். ட்ரிக்கரை அழுத்தினார்.

ஒன்றும் இல்லை. ஒரு கிளிக் சத்தம்கூட இல்லை.

மறுபடி இழுத்தார். தோட்டா வெளியே விழுந்தது. தள்ளினார், அடுத்தது ஏறியது. அழுத்தினார். ஒன்றும் இல்லை. பெரிய அண்ணன் ஒரு நாற்காலியை மெதுவாக முன்னால் இழுத்துப் போட்டார். அன்போடுதான் போட்டார். அந்த நாற்காலியைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"கலாஸ், யாபா," என்றான் மகன் தாழ்ந்த குரலில், போதும் அப்பா என்று.

பாபா திரும்பவில்லை. குழலைக் குறிப்பலகைப் பக்கமே வைத்தபடி, "பார்," என்றார். எனக்குத்தான் சொன்னார்.

மேகசினைக் கழற்றினேன், உள்ளே இருந்த தோட்டாவை எடுத்தேன், ரைஃபிளை மேஜையில் வைத்தேன். காலி போல்ட்டைத் தள்ளிப் பார்த்தேன். முன்னால் போய், பூட்டிக்கொள்ளத் திரும்ப ஆரம்பித்து, முக்காலில் நின்றது. முழுப் பூட்டு விழவில்லை, அதனால் ட்ரிக்கர் செத்துக் கிடக்கிறது. மணலாக இருக்கும் என்று பெரிய அண்ணன் சொன்னார். எல்லோரும் மணல், மணல் என்றார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் குழலின் பின்வாயைப் பார்த்தேன். குழல் சுத்தம். அதைச் சுற்றி இருக்கிற பூட்டுப் பள்ளத்தில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், மஞ்சளாக இருந்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. பூவின் தலை வந்திருக்கிறது, இதழ்கள் வரவில்லை. போல்ட்டை மூடியபோது அது இதழ்களைச் சந்தனத்தோடு சேர்த்துப் பள்ளத்தில் அமுக்கிவிட்டது. ராத்திரி முழுக்கக் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது.

வளைந்த ஊசியால் தோண்டி எடுத்தேன். மேஜை மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் இதழ் இதழாக விழுந்தது. யாரும் மணல் என்று சொல்ல முடியாது. சந்தன வாசனை வேறு.

"இது என்ன?" என்றார் பாபா.

பொய் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த மனிதரிடம் சொல்லியிருக்க மாட்டேன். நேற்று எங்களுக்கு ஒரு நாள், வேலை செய்கிற கருவிகளையெல்லாம் துடைத்து வைத்துப் பூ வைப்போம், உங்கள் ரைஃபிளுக்கும் வைத்தோம் என்றேன். மகனின் புருவம் சுருங்கியது. ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். வேலை போகும், விசா போகும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, இந்த ரைஃபிளை நானே சுவருக்கு அனுப்பிவிட்டேன் என்ற பயம்.

"பூ வைத்து அதனிடம் என்ன கேட்பீர்கள்?"

"ஒண்ணும் கேக்க மாட்டோம் பாபா. வருஷம் பூரா நமக்கு உழைக்குது. ஒரு நாள் வேலை வாங்காம, மரியாதையா உக்கார வைக்கிறது. அவ்வளவுதான்."

அவர் துணியிலிருந்து ஓர் இதழை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்தார். "பூ உள்ளே இருந்ததால்தான் சுட மாட்டேன் என்றதா?"

"ஆமா. பூட்டு முழுசா விழாம அது சுடாது. அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க."

அவர் அண்ணன் தம்பிகள் பக்கம் திரும்பி அரபியில் ஏதோ சொன்னார். கூரை அதிரச் சிரித்தார்கள், மகனும் சிரித்தான். பிறகு எனக்காக அதை உருதுவில் சொன்னார்: "உங்கள் எல்லோரையும்விட என் ரைஃபிளுக்கு மரியாதை தெரியும். வாயில் ஒன்று இருக்கும்போது அது பேசாது."

பள்ளத்தைத் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, இந்த முறை எந்தச் சாஸ்திரமும் பார்க்காமல் இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். ஷ்ளக், ஷ்ளக். முழுப் பூட்டு. கொடுத்தேன்.

பாபா காலை அகட்டி நின்றார். முதல் குண்டு போனது. தோள் பின்னால் அசைந்தது, வலது கை பிடித்த இடத்திலிருந்து அசையவில்லை. இடது கை இழுத்துத் தள்ளியது, கண் சைட்டை விட்டு எடுபடவே இல்லை. இரண்டாவது. மூன்றாவது. அந்த அழகை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. போல்ட் ரைஃபிள்காரர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் தலையைத் தூக்கி, கையை எடுத்து, மறுபடி குறியைத் தேடுவார்கள். இவர் நின்ற இடத்தில் நின்றார், ரைஃபிள் மட்டும் அவர் மார்பில் மூச்சு விடுவது போல முன்னும் பின்னும் போய் வந்தது. நான்காவதற்கு அப்புறம் முகம் வெளுத்து ரைஃபிளைத் தாழ்த்தினார். மகன் ஓர் அடி எடுத்து வைத்தான். பாபா தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. மகன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினார். ஐந்தாவதும் போனது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கருவிப் பையில் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

குறிப்பலகையைக் கொண்டுவந்தார்கள். முதலிடம் தம்பிக்குத்தான். பாபாவின் ஐந்தும் நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, ஆனால் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கியிருந்தன. இரண்டு வருடம் துப்பாக்கி தொடாத மனிதர், உடைந்த கையோடு, நின்றபடி. பெரிய அண்ணன் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நாற்காலியை அவரே பின்னால் இழுத்து, அதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தபோது பாபா ரைஃபிளை என்னிடம் தரவில்லை, மகனிடமும் தரவில்லை. உறையில் போட்டுத் தன் இடது தோளிலேயே மாட்டிக்கொண்டார். மகன் அவர் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு, குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, மஜ்லிஸில் ஆணி, மரச் சட்டம், மேலே விளக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது, இப்போது சுவர் வெறுமையாக இருக்குமே, அங்கே எதை வைப்பது என்று கேட்டான்.

பாபா நடையை நிறுத்தவில்லை.

"உன் புதுசை மாட்டு," என்றார். "எனக்காகத்தானே வாங்கினாய், எனக்கு வேண்டாம்."